புளியங்கொட்டையும் புள்ளியும்

சென்ற ஆண்டு மழைக்காலத்து இரவொன்றில் இஷாத் தொழுகை முடிந்து வீடு திரும்பிய நாம், கூடத்தில் இன்னும் விளக்கு எரிவதைக் கண்டோம். நம் மகள் தரையில் அமர்ந்திருந்தாள். அவளைச் சுற்றிலும் வண்ணத்தாள்களும், தெர்மோகோல் அட்டைகளும், கத்தரிக்கோலும், பசைப்புட்டியும் இறைந்து கிடந்தன. ஆசிரியர் பயிற்சியின் இரண்டாம் ஆண்டில் இருந்த அவளை, நம் புதுச்சேரி நகரத்துப் பள்ளியொன்றின் மழலையர் வகுப்புக்குக் கற்பித்தல் பயிற்சிக்காக அனுப்பியிருந்தார்கள். மறுநாள் காலையில் அவள் முதன்முதலாகப் பிள்ளைகள் முன் நின்று பாடம் நடத்த வேண்டும். ஒன்று முதல் பத்து வரையுள்ள எண்களுக்காகப் பத்து அறைகள் கொண்ட மாளிகை ஒன்றை அவள் எழுப்பிக்கொண்டிருந்தாள்.

"நேரமாகிறதம்மா, படுத்துக்கொள்" என்றோம்.

"இதோ வாப்பா, கூரை மட்டும்தான் பாக்கி" என்றாள்.

ஃபஜ்ருக்கு நாம் எழுந்தபோது கூரை முடிந்திருந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. நம் மகளின் கைவண்ணத்தை எண்ணி உள்ளூர மகிழ்ந்து, துஆச் செய்து அனுப்பி வைத்தோம்.

மாலையில் அவள் அழுத கண்களோடு திரும்பினாள். மாளிகையின் இரண்டு அறைகள் பிய்ந்திருந்தன. பிள்ளைகள் ஆவலோடு ஓடி வந்து தொட்டிருக்கிறார்கள். மதிப்பெண்ணுக்காகப் பிறகு பயிற்சிப் பள்ளியில் காட்ட வேண்டிய பொருளாயிற்றே என்னும் அச்சத்தில் இவள் "தொடாதே, தொடாதே" என்று சொல்லிக்கொண்டே பாடத்தை நடத்தியிருக்கிறாள். வகுப்பின் பின்வரிசையில் அமர்ந்து கவனித்த வழிகாட்டி ஆசிரியை, ஓய்வு பெறும் வயதை நெருங்கிய அம்மையார், பாடம் முடிந்ததும் இரண்டே சொற்றொடர் சொன்னாராம்: "நீ பதினொரு முறை 'தொடாதே' என்று சொன்னாய் அம்மா, நான் எண்ணினேன். இதைச் செய்ததில் உன் கைகள் நன்றாகக் கற்றுக்கொண்டன, பிள்ளைகளின் கைகளுக்கு என்ன வைத்திருந்தாய்?"

மகளுக்குச் சொன்ன அந்தச் சொல் நம் நெஞ்சிலும் தைத்தது. ஏன் தைத்தது என்பதைச் சொல்லவே இக்கட்டுரை.

முல்லா வீதியை அடுத்த சந்து ஒன்றில் நாம் மக்தப் நடத்தி வருகிறோம். காலையும் மாலையும் ஏறத்தாழ முப்பது பிள்ளைகள் ஓதுகின்றனர். நாம் மதரஸாவில் ஓதி ஸனது பெற்றவர். அரபு இலக்கணமும் தமிழ் இலக்கணமும் ஓரளவு கற்றவர். முப்பது ஆண்டுகளாகச் சிறுவர்க்கு எழுத்தறிவிப்பவர். ஆயினும் ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் முன் நம் கல்வி தோற்றுப்போயிருந்தது. அலிஃப், பா, தா என்று வரிசையாக அவன் இனிமையாக ஓதுவான். வரிசையின் நடுவில் ஓர் எழுத்தின்மேல் விரலை வைத்து "இது என்ன?" என்றால் விழிப்பான். ஜீம், ஹா, கா என்னும் மூன்று எழுத்துகளும் ஒரே வடிவின. வயிற்றில் புள்ளியிருந்தால் ஜீம், புள்ளியே இல்லாவிட்டால் ஹா, தலைக்குமேல் புள்ளியிருந்தால் கா. இம்மூன்றையும் ஆறு மாதமாக அவன் மாற்றி மாற்றியே சொல்லிவந்தான். ஒரு நாள் நம் பொறுமை அறுந்தது. அழைத்துப்போக வந்த அவன் தாயாரிடம், பிள்ளையும் கேட்கும்படியாகவே, "இவன் கொஞ்சம் மந்தம் அம்மா" என்று சொல்லிவிட்டோம். மறுநாள் அவன் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. நாமும் போய்க் கேட்கவில்லை.

இது நிற்க. நம் மகள் மாளிகையைப் பரண்மேல் ஏற்றிவிட்டு, ஆசிரியையின் சொற்படி ஒரு பழைய மூங்கில் கூடையைத் தேடினாள். வீட்டில் புளி உரித்த கொட்டைகளைக் கழுவிக் காயவைத்தாள். வைத்திக்குப்பத்துக் கரையில் சிப்பிகள் பொறுக்கினாள். தையற்காரரிடம் பழைய பொத்தான்களும், பெரிய மார்க்கெட்டில் வற்றிய அவரைக்கொட்டையும் வாங்கினாள். பார்வைக்கு அழகாயிருக்குமே என்று ஒரு கைப்பிடி குன்றிமணியும் சேர்த்தாள். கூடையைப் பார்த்த ஆசிரியை முதல் வேலையாகக் குன்றிமணியைப் பொறுக்கி எறிந்துவிட்டாராம். அதன் விதை கொடிய நஞ்சு. பிள்ளை கடித்து மென்றுவிட்டால் உயிருக்கே ஆபத்து. மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் உள்ள இடத்தில் புளியங்கொட்டை போன்ற சிறு பொருள் எதுவும் கூடாது, மூச்சுக்குழலில் சிக்கும். பெரிய பிள்ளைகளுக்குக் கொடுத்தாலும் எண்ணிக் கொடுத்து எண்ணியே திரும்ப வாங்க வேண்டும் என்றும் அவர் சொல்லிக் கொடுத்தார். எண்ணி வாங்குவதும் ஒரு பாடந்தானே!

அந்தக் கூடை செய்த வேலையை மகள் ஒவ்வொரு மாலையும் சொல்லக் கேட்டோம். இருபது வரை தடையின்றிச் சொல்லும் ஒரு சிறுமியிடம் "ஐந்து கொட்டை கொடு" என்றால் கை நிறைய அள்ளிக் கொடுத்தாளாம். எண்ணின் பெயர்களை நாவு அறிந்திருந்தது; எண் என்பது ஓர் அளவு என்பதை அவள் இன்னும் அறியவில்லை. ஒரு கொட்டைக்கு ஒரு சொல் என்று எடுத்து எடுத்து வைத்துப் பழகிய சில நாள்களில், ஐந்து என்பது கடைசியாகச் சொன்ன சொல் மட்டுமன்று, தன் முன்னே கிடக்கும் அத்தனையும் சேர்ந்ததே என்பது அவளுக்கு விளங்கிற்று. கட்டைவிரலும் அடுத்த இரு விரல்களும் சேர்ந்து ஒரு கொட்டையைப் பற்றும் அதே பிடிதான் நாளை எழுதுகோலைப் பற்றும் பிடி. குவளையிலிருந்து குவளைக்குச் சிந்தாமல் நீர் ஊற்றுவது மணிக்கட்டுக்குப் பயிற்சி. களிமண் பிசைவது உள்ளங்கைக்குப் பயிற்சி. ஐந்து வயதில் மணிக்கட்டின் சிற்றெலும்புகளே இன்னும் முழுமையாக உருவாகி முடிவதில்லை. அந்தக் கையில் எழுதுகோலைத் திணித்துப் பக்கம் பக்கமாக எழுத வைத்துவிட்டு, கையெழுத்துக் கோணல் என்று கடிந்துகொள்கிறோம்.

நாம் உடனே இணங்கிவிடவில்லை. "இதெல்லாம் விளையாட்டம்மா, படிப்பு எப்போது?" என்று கேட்டோம். மேல்நாட்டிலிருந்து வந்த புதுமோகம் என்பதே நம் எண்ணம். மகள் தன் பாடக்குறிப்பைப் பிரித்து, ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியாரின் வரலாற்றைக் காட்டினாள். 1789இல் சென்னையில் படைவீரர்களின் அநாதைச் சிறுவர்களுக்கான விடுதிப் பள்ளிக்குத் தலைமையேற்ற அவர், அங்கே நாட்டுப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலைப் பரப்பி விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டார். தம் பள்ளியிலும் அம்முறையைப் புகுத்தினார். இங்கிலாந்து திரும்பி 1797இல் அதைப் பற்றி நூல் வெளியிட்டார். பின்னர் அந்நாட்டில் எத்தனையோ பள்ளிகளில் மணல் தட்டு இடம்பெற்றது. அவருடைய கற்பித்தல் முறைக்குச் சென்னை முறை என்றே பெயரும் வழங்கிற்று. நம் திண்ணைப் பள்ளி மணல் கடல் கடந்து சென்று சீமைப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்திருக்கிறது. அதை மறந்துவிட்டு, நாம் அச்சிட்ட தாளில் புள்ளிக் கோட்டின்மேல் எழுத வைப்பதே கல்வி என்றிருக்கிறோம்.

கையால் கற்பதன் பெருமையை உலகறியச் செய்த மரியா மாண்டிசோரி அம்மையாரும் நம் பக்கத்து மண்ணில் வாழ்ந்தவரே. 1907இல் ரோம் நகரத்து ஏழைக் குடியிருப்பில் தம் முதற் பள்ளியைத் திறந்தவர் அவர். உப்புத்தாளில் வெட்டிய எழுத்துகளைப் பிள்ளைகள் விரலால் தடவித் தடவி அறியச் செய்தார். 1939இல் ஆசிரியர்களுக்குப் பயிற்சியளிக்கச் சென்னை அடையாறுக்கு வந்தார். போர் மூண்டதால் 1946 வரை இந்நாட்டிலேயே தங்கினார். அவற்றுள் சில ஆண்டுகள் கொடைக்கானலில் கழிந்தன. அதே போர்க்காலத்தில், 1943 டிசம்பர் 2 அன்று, நம் புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்து அன்னை சிறுவர்க்கென ஒரு பள்ளி தொடங்கினார். அது பின்னர்ப் பன்னாட்டுக் கல்வி மையமாக வளர்ந்தது. பட்டம் வழங்காமல், பிள்ளையின் உள்ளார்வத்தை வழிகாட்டியாகக் கொண்டு இன்றும் அது நடைபெறுகிறது. 1826இல் தோன்றிய நம் நகரத்துப் பிரெஞ்சு லிசேயிலும் மழலையர் வகுப்புகள் உண்டு. அவற்றுக்குப் பிரெஞ்சு மொழியில் எக்கோல் மத்தெர்னெல் என்று பெயர். தாய்மைப் பள்ளி என்று தமிழில் சொல்லலாம். பிரான்சில் அரசு 1881இல் அப்பெயரை ஏற்றுக்கொண்டது. தாய் தன் பிள்ளைக்குப் பாடம் நடத்துவதில்லை. சோறு பிசையும்போது பக்கத்தில் அமர்த்திக்கொள்கிறாள், கீரை ஆயும்போது ஒரு பிடி கையில் கொடுக்கிறாள். எத்துணைப் பொருத்தமான பெயர்!

நம்மவர் நூல்களும் இதற்கு மாறானவை அல்ல. பள்ளி முடிந்து வரும் பிள்ளையை விளையாட விடாமல் ஓயாது கல்வியே கற்கச் செய்தால் அதன் உள்ளம் மாண்டு போகும் என்னும் கருத்தை இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் இஹ்யாவில் வலியுறுத்தியிருக்கிறார்கள். மாணவரிடம் கடுமை காட்டுவது, குறிப்பாகச் சிறுவரிடம் காட்டுவது, அவர்களைக் கெடுக்கும் என்று இப்னு கல்தூன் (1332–1406) விரிவாக எழுதியிருக்கிறார். இவற்றையெல்லாம் மதரஸாவில் ஓதியவர்தாம் நாம். ஓதியது நாவில் இருந்தது. கைக்கு வந்து சேரவில்லை.

ஒரு மாலை மகள் சொன்னாள்: "வாப்பா, வகுப்பில் ஒரு பையன் இருக்கிறான். அதிகம் பேசமாட்டான். சிப்பிக் கூடையைக் கொடுத்தால் மட்டும் அரைமணி நேரம் அசையமாட்டான். நாங்கள் பெரியது சிறியது என்றுதான் பிரிக்கச் சொல்லிக் கொடுத்தோம். அவன் தானாகவே வேறொரு முறையில் பிரிக்கிறான். நீங்கள் வந்து பார்க்க வேண்டும்." அப்பள்ளியில் வாரம் ஒரு நாள் பெரியவர் ஒருவரை அழைத்துப் பிள்ளைகளுக்குக் கதை சொல்லச் செய்யும் வழக்கம் இருந்தது. அந்த வாரம் நாம் சென்றோம். கதை முடிந்தபின், மூலையில் பாயில் அமர்ந்து சிப்பி பிரித்துக்கொண்டிருந்த பிள்ளையை மகள் காட்டினாள்.

நம் மக்தபை விட்டு நின்ற அதே சிறுவன்.

அவன் நம்மைக் கண்டதும் ஒரு கணம் கையை இழுத்துக்கொண்டான். அந்த ஒரு கணம் இன்றும் நம் கண்ணை விட்டு அகலவில்லை. நாம் எதுவும் பேசாமல் பாயில் அமர்ந்தோம். சற்று நேரத்தில் அவன் கை மீண்டும் கூடைக்குள் சென்றது. கரையில் ஒதுங்கும் சிப்பிகளுள் சிலவற்றில் ஊசியால் குடைந்தது போன்ற வட்டத்துளை இருக்கும். கடல் நத்தையினம் ஒன்று உள்ளிருக்கும் தசையை உண்பதற்காக இடும் துளை அது. அவன் துளையுள்ள சிப்பிகளை ஒருபுறமும் துளையற்றவற்றை மறுபுறமும் வைத்தான். பின்னர்த் துளையுள்ளவற்றையே மீண்டும் பிரித்தான்: துளை மேற்பகுதியில் இருப்பவை ஒரு குவியல், நடுவில் இருப்பவை மற்றொரு குவியல்.

அன்பர்களே, நாம் அசைவற்று இருந்துவிட்டோம். புள்ளியில்லாதது ஒன்று, நடுவில் புள்ளி உள்ளது ஒன்று, மேலே புள்ளி உள்ளது ஒன்று. ஹா, ஜீம், கா! ஆறு மாதம் நாம் கற்பிக்க முயன்று, முடியாமல், மந்தம் என்று பட்டம் சூட்டி அனுப்பிய பிள்ளை, அந்த வேறுபாட்டை எவரும் சொல்லாமலே தன் விரல்களால் கண்டு பிரித்துக்கொண்டிருந்தான். அவன் கண்ணில் குறையில்லை, அறிவிலும் குறையில்லை. காகிதத்தில் கடுகளவாக அச்சிட்ட ஒரு புள்ளியைத் தொடாதே, பார், சொல் என்றோம். அவனுக்கோ எடுக்கவும் வைக்கவும் நகர்த்தவும் ஒரு பொருள் வேண்டியிருந்தது.

அன்று மாலையே அவன் இல்லத்துக்குச் சென்றோம். "நம் வாயிலிருந்து தவறான சொல் வந்துவிட்டது அம்மா, பிள்ளையின் முன்னாலேயே மன்னிப்புக் கேட்கிறோம்" என்றோம். அந்தத் தாயார் கதவுக்குப் பின்னால் நின்றபடி வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "அவன் அன்று இரவு 'மந்தம் என்றால் என்னம்மா?' என்று கேட்டான் ஹஜ்ரத்" என்று மட்டும் சொன்னார்கள். அதற்கு நாம் சொல்லக்கூடிய மறுமொழி எதுவும் இருக்கவில்லை. ஒரு வாரம் கழித்து அவன் வந்தான்.

நம் பாட்டனார் காலத்து ஓதற்பலகை ஒன்று பரணில் கிடந்தது. பலகையில் எழுதி, ஓதி, கழுவி, மீண்டும் எழுதிய காலம் அது. கையும் நாவும் ஒன்றாகக் கற்ற காலம். அதை இறக்கித் துடைத்தோம். குர்ஆனின் எழுத்துகளைத் தரையில் எழுதி மிதிபட விடலாகாது. ஆகவே பலகையைச் சிறு மேசைமேல் வைத்து, ஜீமின் வடிவைப் புள்ளியின்றிப் பெரிதாகச் சுண்ணக்கட்டியால் எழுதினோம். அவன் கையில் ஒரு புளியங்கொட்டையைக் கொடுத்து, "வயிற்றில் வை: ஜீம். எடுத்துவிடு: ஹா. தலைமேல் வை: கா" என்றோம். அவன் வைத்தான், எடுத்தான், வைத்தான். பிறகு நம்மைப் பார்த்து, "கொட்டைதான் பெயரை மாற்றுதா ஹஜ்ரத்?" என்றான். "ஆமப்பா, அதுதான் மாற்றுகிறது" என்றோம். அடுத்து, தோணி போன்ற வடிவொன்றை எழுதினோம். கீழே ஒரு கொட்டை வைத்தால் பா, மேலே இரண்டு வைத்தால் தா, மூன்று வைத்தால் ஸா. முப்பது பிள்ளைகளும் பலகையைச் சூழ்ந்துகொண்டனர்.

ஜமாஅத்தின் பெரியவர் ஒருவர் இதைக் கண்டு, "ஓதுகிற இடத்தில் புளியங்கொட்டை விளையாட்டா ஹஜ்ரத்?" என்று வினவினார். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மனிதனின் ஆயுளையும் ஆசையையும் விளக்கத் தரையில் கோடுகள் வரைந்து காட்டிய செய்தி ஹதீஸில் இருக்கிறது, அதை நினைவூட்டினோம். மேலும் ஒன்று சொன்னோம். தொடக்க காலத்து ஏடுகளில் புள்ளிகள் பெரும்பாலும் இடப்படவில்லை. மொழியறிந்த அரபியர்க்கு அவை தேவைப்படவுமில்லை. அரபி அறியாதவர்கள் பெருந்திரளாக இஸ்லாத்தில் இணைந்தபோது, பிழையின்றி ஓத வேண்டுமே என்னும் கவலையால், உயிரொலிகளைக் காட்ட வேறுநிற மையில் புள்ளியிடும் வழக்கத்தை அபுல் அஸ்வத் அத்துஅலீ ஏற்படுத்தினார் என்பது மரபு. எழுத்தை எழுத்திலிருந்து பிரித்துக் காட்டும் புள்ளிகள் எங்கும் முறையாக நிலைபெற்றதும் அதன் பின்னரே. ஆக, புள்ளி என்பதே கற்போர்மீது கொண்ட இரக்கத்தால் வந்த துணைக்கருவி. நம் முன்னோர் அரபி எழுத்துகளோடு மேலும் சில புள்ளிகளைச் சேர்த்துத் தமிழொலிகளை எழுதி, அரபுத் தமிழ் கண்டு, நம் பாட்டிமார்களுக்கு மார்க்க நூல்களைப் படிக்கக் கொடுத்தார்களே, அதுவும் அதே இரக்கந்தான். அவர்கள் மையால் இட்டதை நாம் புளியங்கொட்டையால் இடுகிறோம். பெரியவர் புன்னகைத்துத் தாமும் ஒரு கொட்டையை எடுத்து வைத்துப் பார்த்தார்.

இதனால் மனனமும் ஓசையும் தேவையில்லை என்று நாம் சொல்வதாக எவரும் எண்ண வேண்டாம். ஹா என்னும் எழுத்தைத் தொண்டையின் நடுவிலிருந்து எழுப்புவதற்கு எந்தக் கொட்டையும் துணை செய்யாது; ஆசிரியரின் வாயைப் பார்த்து, காதால் கேட்டு, பலமுறை ஓதியே அது வரும். அச்சிறுவனுக்கு இன்றும் அது சரியாக வரவில்லை. நாவின் கல்வியை நாவுக்குக் கொடுப்போம். கையின் கல்வியைக் கைக்குக் கொடுப்போம். ஒன்றின் பங்கை மற்றொன்றிடம் கேட்டுவிட்டு, பிள்ளையை மந்தம் என்று சொல்லாதிருப்போம்.

பயிற்சிக்குச் செல்லும் இளம் ஆசிரியைகளுக்கு நம் மகளின் அனுபவமே போதிய பாடம். விடிய விடிய நீங்கள் செய்த மாளிகையைவிட, பிள்ளை கையில் எடுக்கும் ஒரு பிடி கொட்டை மேல். பெற்றோர்க்கும் ஒரு சொல்: மாலையில் பிள்ளை வெறுங்கையோடு வந்து, "இன்று நீர் ஊற்றி விளையாடினோம்" என்றால், பணம் கட்டியும் படிப்பு இல்லையே என்று பள்ளிக்கு ஓடாதீர்கள். "சிந்தாமல் ஊற்றினாயா?" என்று கேளுங்கள். உங்கள் அடுக்களையிலேயே அதைத் தொடருங்கள்.

நம் மகளின் பயிற்சிக் காலம் முடிந்துவிட்டது. கூடை இப்போது மக்தபில் இருக்கிறது. அந்த ஆசிரியையின் சொற்படி நாற்பது கொட்டைகளை எண்ணிக் கொடுத்து, எண்ணித் திரும்ப வாங்குகிறோம். சென்ற வியாழன் எண்ணியபோது முப்பத்தொன்பதே இருந்தது. சற்றுத் தயங்கி நின்ற அச்சிறுவன் சட்டைப் பையிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினான். தன் வீட்டுச் சுவரில் ஜீமை எழுதி, அண்டை வீட்டுப் பிள்ளைக்குக் கற்றுக் கொடுக்க எடுத்து வைத்திருந்தானாம்.

வீட்டில் புளி உரிக்கும்போது கேட்டு வாங்கிக்கொள்ளச் சொல்லியனுப்பினோம்.